டேட்டாபேஸ் வேலைகள்: பதவிப் பெயரைப் பார்ப்பதா, பொறுப்பைப் பார்ப்பதா?

"டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் தேவை" என்று வரும் இரண்டு விளம்பரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆரக்கிள், ஆர்மேன், டேட்டா கார்டு, பேட்ச், இரவு ஷிஃப்ட் என்று டேட்டாபேஸைக் காக்கும் பக்கத்துச் சொற்கள் இருக்கும். இன்னொன்றில் ஸ்டோர்டு ப்ரொசீஜர், எஸ்எஸ்ஐஎஸ், ரிப்போர்ட், எக்ஸெல் என்று எழுதும் பக்கத்துச் சொற்கள் இருக்கும். முதல் வேலைக்குப் போகிறவர் ஓராண்டு முழுக்க டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் பெரிய க்வெரி ஒன்றைக்கூடப் புதிதாக எழுதாமல் இருக்கலாம். இரண்டாவது வேலைக்குப் போகிறவர் ஒரு பேக்கப்பைக்கூட ரீஸ்டோர் செய்து (நகலிலிருந்து தகவலை மீட்டு) பார்க்காமல் மூன்று ஆண்டுகளைக் கடத்தலாம். இருவர் விசிட்டிங் கார்டிலும் ஒரே பெயர்தான்.

இந்தக் குழப்பம் வகைப்படுத்துகிறவர்களிடமே இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்கோ-08 பட்டியலில் டேட்டாபேஸை வடிவமைப்பவரும் நிர்வகிப்பவரும் 2521 என்ற ஒரே எண்ணில் வருகிறார்கள். அமெரிக்க அரசின் 2018 தொழில் வகைப்பாட்டிலோ நிர்வாகிக்கு 15-1242, ஆர்க்கிடெக்டுக்கு 15-1243 என்று தனித்தனி எண்கள். நிறுவனங்களின் எச்ஆர் துறைகள் இதில் எதையும் பார்ப்பதில்லை. சம்பளப் படிநிலையில் எந்தப் பெயர் காலியாக இருக்கிறதோ அதை வைத்து விளம்பரம் போடுகிறார்கள்.

ஆகவே கையில் இரண்டு மூன்று ஆஃபர் இருக்கும்போது பெயர்களை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒப்பிட வேண்டியவை மூன்று: ப்ரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜச் சூழலில்) உங்களுக்கு என்ன உரிமை தருவார்கள், நள்ளிரவில் ஏதாவது உடைந்தால் யாருக்கு போன் வரும், நீங்கள் யாருக்கு ரிப்போர்ட் செய்வீர்கள். இந்த மூன்றும் தெரிந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் வேலை இன்னதென்று சொல்லிவிடலாம். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த மூன்றை வைத்துத்தான்.

ப்ரொடக்‌ஷன் டிபிஏ

டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டரைச் சுருக்கி டிபிஏ என்பார்கள். இவர் பொறுப்பைச் சுருக்கமாகச் சொன்னால்: தகவல் தொலையக்கூடாது, சர்வர் நிற்கக்கூடாது, உரிமையில்லாதவர் உள்ளே வரக்கூடாது. காலையில் வந்ததும் பார்ப்பது இரவு பேக்கப் ஜாப் முடிந்ததா, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம், ரெப்ளிகா (முதன்மை டேட்டாபேஸோடு சேர்ந்து ஓடும் நகல்) எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பவைதான். பிறகு உரிமை கேட்டு வரும் டிக்கெட்டுகள், பேட்ச் திட்டமிடல், பழைய வெர்ஷனிலிருந்து மாறுவதற்கான ஒத்திகை. ஜேடியில் (வேலை விவரக் குறிப்பில்) "பர்ஃபார்மன்ஸ் ட்யூனிங்" என்று முதல் வரியிலேயே போட்டிருப்பார்கள். நடைமுறையில் அதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

எங்கே கோளாறு வரும் என்பதைத் தெரிந்துகொண்டால் வேலையின் தன்மை புரியும். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு டேட்டாபேஸ் ஃபுல் ரெக்கவரி மாடலில் (மாற்றங்களின் பதிவை லாக் பேக்கப் ஆகும்வரை வைத்திருக்கும் அமைப்பில்) இருக்கிறது, ஆனால் லாக் பேக்கப்பை யாரும் போடவில்லை என்று வையுங்கள். தினமும் ஃபுல் பேக்கப் ஓடினாலும் டிரான்ஸாக்‌ஷன் லாக் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிரம்பும் நாளில் 9002 என்ற பிழை எண்ணோடு எழுதும் வேலைகள் எல்லாம் நின்றுவிடும். போஸ்ட்கிரெஸில் இதைவிட மெதுவாக வரும் ஆபத்து ஒன்று உண்டு. டிரான்ஸாக்‌ஷன் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றங்களின் தொகுதி) ஒவ்வொன்றுக்கும் தரும் எண் 32 பிட் அளவுதான். சுமார் 200 கோடி டிரான்ஸாக்‌ஷனுக்குள் டேபிளின் பழைய வரிசைகளை வேக்யூம் என்ற துப்புரவு வேலை "பழையவை" என்று குறித்து உறையவைத்தாக வேண்டும். 20 கோடி என்ற இயல்பு அளவைத் தாண்டினால் ஆட்டோவேக்யூம் தானாகவே கட்டாயமாகக் கிளம்பும். "சிஸ்டம் மெதுவாகிறது" என்று அது கிளம்பும் ஒவ்வொரு முறையும் யாரோ நிறுத்திக்கொண்டே இருந்தால், எல்லை நெருங்கும்போது டேட்டாபேஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். இரண்டிலும் தொழில்நுட்பம் கடினமில்லை. தினமும் பார்ப்பதற்கு ஓர் ஆள் இல்லாததுதான் காரணம்.

ரீஸ்டோர் விஷயம் இன்னும் முக்கியம். ஒரு டெராபைட் பேக்கப்பை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்கவே 5,000 நொடி, அதாவது 83 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு லாக்குகளை ஓட்ட வேண்டும், பிறகு சரிபார்க்க வேண்டும். மேலாளர் "அரை மணி நேரத்தில் மீண்டுவிடுவோம்" என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அந்த வாக்கைக் காப்பாற்றும் சுமை டிபிஏ தலையில்தான் விழும். நேர்காணலில் "கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள், யார் செய்தார், எவ்வளவு நேரம் ஆனது" என்று கேளுங்கள். தேதியும் நிமிடமும் பதிலாக வந்தால் அங்கே டிபிஏ வேலை உண்மையாக நடக்கிறது. "பேக்கப் எல்லாம் தினமும் ஓடுகிறது" என்று மட்டும் சொன்னால், ரீஸ்டோரை இதுவரை யாரும் தொட்டதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடு (code) சேமிக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதற்குப் பொருத்தமான பாடம். ரெப்ளிகாவில் செய்ய நினைத்த அழிப்பை ஒருவர் முதன்மை சர்வரில் செய்துவிட்டார். சுமார் 300 ஜிபி தகவல் போனது. பேக்கப்புக்குப் போய்ப் பார்த்தால், போஸ்ட்கிரெஸின் பழைய 9.2 வெர்ஷனின் டம்ப் (பேக்கப் எடுக்கும்) கருவி 9.6 டேட்டாபேஸ் மீது ஓட முயன்று தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. அந்த நிறுவனம் வெளிப்படையாக எழுதிய அறிக்கையில் காரணங்களைத் தோண்டிக்கொண்டே போய் கடைசியில் சொன்னது: பேக்கப்பைச் சோதிப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. திறமையான பொறியாளர்கள் நிறைந்த இடம் அது. அங்கேயும் இந்த ஒரு வரிப் பொறுப்பு எவர் பெயருக்கு எதிரிலும் எழுதப்படவில்லை.

ஆரக்கிள் டிபிஏ ஆஃபர் என்றால் ஜேடியில் வராத இன்னொரு பொறுப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்: லைசென்ஸ். ஏடபிள்யூஆர் (டேட்டாபேஸின் வேக விவர) ரிப்போர்ட் எடுக்க டயக்னாஸ்டிக்ஸ் பேக் தனியாக வாங்கியிருக்க வேண்டும். ஆனால் என்டர்பிரைஸ் எடிஷனில் அந்த வசதி இயல்பாகவே திறந்திருக்கும். வாங்காமல் ஓட்டினால் தணிக்கையின்போது கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களைத்தான் அழைப்பார்கள்.

டெவலப்மெண்ட் டிபிஏ அல்லது டேட்டாபேஸ் டெவலப்பர்

டேபிள் வடிவமைப்பு, இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அடுக்கு), ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த கட்டளைத் தொகுப்பு), மெதுவான க்வெரிகளைச் சரிசெய்வது ஆகியவை இவர் வேலை. இரவு போன் பெரும்பாலும் இவருக்கு வராது. ப்ரொடக்‌ஷனில் படிக்க மட்டும் உரிமை இருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது.

ப்ரொடக்‌ஷன் டிபிஏவுக்கும் இவருக்கும் உள்ள எல்லையை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். மைஎஸ்க்யூஎலில் ஒரு வாடிக்கையாளர் டேபிள், ஒரு கோடி வரிசை. போன் எண் நெடுவரிசை வார்ச்சார் (எழுத்து) வகை, அதன்மேல் இண்டெக்ஸும் உண்டு. அப்ளிகேஷன் அனுப்பும் க்வெரியில் போன் எண் மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகப் போகிறது. க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டால் டைப் என்ற இடத்தில் ஆல் என்றும், கீ என்ற இடத்தில் நல் என்றும் வரும். இண்டெக்ஸ் இருந்தும் டேபிள் முழுவதையும் படிக்கிறது. எழுத்து நெடுவரிசையை எண்ணோடு ஒப்பிடும்போது '1', ' 1', '1a' மூன்றும் 1 என்ற எண்ணாகவே மாறும். எழுத்து வரிசைப்படி அடுக்கிய இண்டெக்ஸில் இவற்றை ஒரே இடத்தில் தேட முடியாது என்பதால், தேடும் வழியைத் தீர்மானிக்கும் ஆப்டிமைசர் இண்டெக்ஸைக் கைவிடுகிறது.

ப்ரொடக்‌ஷன் டிபிஏவால் இதைக் கண்டுபிடிக்க முடியும், திருத்த முடியாது. இன்னொரு இண்டெக்ஸ் போட்டாலும் பலனில்லை. அப்ளிகேஷன் கோடு அவர் கையில் இல்லாததால் டிக்கெட் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். டெவலப்மெண்ட் டிபிஏவோ அந்த மதிப்பை ஸ்ட்ரிங்காக (எழுத்தாக) அனுப்பும்படி கோடையே மாற்றி, ரிவ்யூவுக்கு அனுப்பி, அடுத்த வெளியீட்டில் சேர்த்துவிடுவார். "க்வெரி ட்யூனிங் வேண்டும்" என்று ஆசைப்படுகிறவர்கள் இதை நேரடியாகக் கேட்டுக்கொள்வது நல்லது: அப்ளிகேஷன் கோடு ரெப்பாசிட்டரியில் எனக்கு எழுதும் உரிமை உண்டா? இல்லையென்றால் மாதக்கணக்கில் கண்டுபிடிப்பதும் காத்திருப்பதுமாகத்தான் போகும்.

வங்கிகளிலும் கார்டு பணப்பரிமாற்றம் செய்யும் நிறுவனங்களிலும் இந்த இரண்டு வேலைகளும் தெளிவாகப் பிரிந்திருக்கும். கார்டு தகவல் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள் டெவலப்மெண்ட் சூழலையும் ப்ரொடக்‌ஷனையும் பிரிக்கச் சொல்வதோடு, பொறுப்புகளையும் பிரிக்கச் சொல்கின்றன. தணிக்கையாளர் வந்து பார்ப்பார் என்பதால் அங்கே பெயரும் வேலையும் ஓரளவு பொருந்தும். முப்பது பேர் கொண்ட நிறுவனத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. காலையில் ப்ரொசீஜர் எழுதுகிறவரே மாலையில் அதை ப்ரொடக்‌ஷனில் ஓட்டி, இரவில் அது உடைந்தால் எழுந்தும் பார்ப்பார்.

டேட்டா இன்ஜினியர்

விளம்பரங்களில் அதிகம் குழப்பம் இந்தப் பெயரில்தான். பழைய இடிஎல் (தகவலை எடுத்து, மாற்றி, ஏற்றும்) டெவலப்பர், பிஐ (வணிக ரிப்போர்ட்) டெவலப்பர், ஸ்பார்க் ப்ரோகிராமர், சில நேரம் ரிப்போர்ட் போடுகிறவர் எல்லாரையும் இந்தப் பெயரில் அழைக்கிறார்கள். உண்மையான டேட்டா இன்ஜினியர் வேலை என்பது ஓரிடத்துத் தகவலை இன்னோர் இடத்துக்குத் தொலையாமல், இரட்டிக்காமல், நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஏர்ஃப்ளோ, டிபிடி, ஸ்பார்க், காஃப்கா போன்ற பெயர்கள் ஜேடியில் இருந்தால் இந்தப் பக்கம்தான். பவர் பிஐ, டேப்லோ, எக்ஸெல் மட்டும் இருந்தால் அனலிஸ்ட் வேலைக்கு இன்ஜினியர் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இப்படித் தகவலைக் கடத்தும் பைப்லைன் வேலையில் தவறுகள் சத்தம் போடாமல் வரும். அதுதான் டிபிஏ வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். ஓர் உதாரணம். மணிக்கொருமுறை ஓடும் ஜாப், "கடைசியாக ஓடிய நேரத்துக்குப் பிறகு மாறிய வரிசைகள்" என்று கேட்டு எடுக்கிறது. மூல டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அங்கே நவ் என்ற ஃபங்ஷன் தருவது டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரத்தை. 1:58க்குத் தொடங்கிய ஒரு டிரான்ஸாக்‌ஷன் 2:03க்கு கமிட் ஆகிறது (உறுதியாகப் பதிவாகிறது); அதன் வரிசையில் 1:58 என்றே பதிவாகிறது. 2:00 மணிக்கு ஓடிய ஜாப் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அப்போது கமிட் ஆகவில்லை. 3:00 மணிக்கு ஓடும் ஜாப் 2:00க்குப் பிந்தியவற்றைக் கேட்கிறது. அந்த வரிசை இனி எப்போதும் வராது. ஜாப் பச்சையாகவே இருக்கும், எந்த அலாரமும் அடிக்காது. மாதக் கடைசியில் கணக்குத் துறை "எங்கள் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகவில்லை" என்று வரும்போதுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் முந்தைய 15 அல்லது 30 நிமிடத்தையும் சேர்த்துத் திரும்பப் படித்து, ப்ரைமரி கீயை (வரிசையின் தனி அடையாளத்தை) வைத்து மேலெழுதினால் தப்பிக்கலாம். மூலத்தில் இருக்கும் மிக நீண்ட டிரான்ஸாக்‌ஷனைவிட அந்த இடைவெளி பெரியதாக இருக்க வேண்டும். அழிக்கப்பட்ட வரிசைகளை இந்த முறை பிடிக்கவே பிடிக்காது. அதற்கு டேட்டாபேஸ் லாக்கையே படிக்கும் சிடிசி வழிதான்.

அந்த சிடிசியில்தான் இரண்டு பதவிகளின் எல்லை மோதுகிறது. போஸ்ட்கிரெஸில் சிடிசி வைக்க ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் உருவாக்குவார்கள். படிக்கும் பக்கம் எதுவரை படித்தது என்பதை ஸ்லாட் நினைவில் வைத்து, அதற்குப் பிந்திய வால் (WAL, மாற்றப் பதிவு) ஃபைல்களை அழிக்கவிடாது. டேட்டா இன்ஜினியர் சோதனைக்காக ஒரு பைப்லைன் கட்டுகிறார், வேண்டாமென்று பைப்லைனை நீக்குகிறார், ஸ்லாட்டை நீக்க மறந்துவிடுகிறார். படிக்க ஆளில்லாத ஸ்லாட்டுக்காக வால் ஃபைல்கள் குவிகின்றன. சில நாளில் முதன்மை சர்வரின் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நிற்கிறது. எழுப்பப்படுகிறவர் டிபிஏ, ஸ்லாட் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் என்ற வியூவில் ஆக்டிவ் என்பது ஃபால்ஸாக உள்ள ஸ்லாட்டைக் கண்டுபிடித்து, அது யாருக்கும் தேவையில்லை என்று உறுதிசெய்துகொண்டு நீக்கினால், அடுத்த செக்பாயிண்டில் (மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டத்தில்) இடம் திரும்பக் கிடைக்கும். வெர்ஷன் 13 முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பால் உச்சவரம்பு வைக்கலாம். ஆனால் அதன் இயல்பு மதிப்பு வரம்பின்மைதான், யாராவது மாற்றினால்தான் உண்டு. மாற்ற வேண்டியவர் யார்? இந்தக் கேள்விக்கு நேர்காணலில் தெளிவான பதில் தரும் நிறுவனம், பொறுப்புகளை உட்கார்ந்து யோசித்துப் பிரித்திருக்கிறது. டேட்டா இன்ஜினியர் ஆஃபர் வைத்திருப்பவரும் டிபிஏ ஆஃபர் வைத்திருப்பவரும் இதைத் தவறாமல் கேட்க வேண்டும்.

எஸ்ஆர்இ, டெவ்ஆப்ஸ், அனலிஸ்ட், ஆர்க்கிடெக்ட்

எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர்) என்ற பெயர் 2003இல் கூகுளில் தொடங்கியது. அங்கே ஒரு விதி உண்டு: டிக்கெட், ஆன்-கால் (எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்கும் முறை) போன்ற இயக்க வேலை ஒருவரின் நேரத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மீதி நேரம் அந்த வேலையைக் குறைக்கும் கோடு எழுதுவதற்கு. எஸ்ஆர்இ ஆஃபர் வந்தால் அந்த மீதிப் பாதி இருக்கிறதா என்று கேளுங்கள். நாள் முழுக்க டிக்கெட் மூடுவதுதான் என்றால் அது சிஸ்டம் அட்மின் வேலை. சிஸ்டம் அட்மின் வேலை குறைந்ததொன்றுமில்லை, ஆனால் அதற்குரிய எதிர்பார்ப்போடு போக வேண்டும். டெவ்ஆப்ஸ் இன்ஜினியர் என்ற பெயரில் டேட்டாபேஸும் சேர்ந்து வருவது இப்போது அதிகம்: டெர்ராஃபார்ம் என்ற கருவியில் சர்வர் எழுப்புகிறவர்தான் டேட்டாபேஸையும் எழுப்புகிறார், அதோடு டிபிஏ தேவையில்லை என்று நிறுவனம் முடிவு செய்துவிடுகிறது.

அனலிஸ்ட் வேலையில் எஸ்க்யூஎல் நிறைய உண்டு, நிர்வாகம் அறவே இல்லை. டிபிஏ ஆகும் எண்ணம் இருந்தால் இது அதற்கான படிக்கட்டு ஆகாது. டேட்டா இன்ஜினியர் ஆக இது நல்ல வழி.

ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு ஒரே சோதனை போதும். ஒரு குழு கொண்டுவரும் ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு) மாற்றத்தை இவர் "வேண்டாம்" என்று சொன்னால் அது நிற்குமா? நிற்கும் என்றால் ஆர்க்கிடெக்ட். வரைபடம் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டுமென்றால், டெண்டருக்கும் வாடிக்கையாளர் கூட்டத்துக்கும் வைத்த பெயர் அது.

ஒற்றை ஆள் ஐடி

விளம்பரத்தில் டிபிஏ. ஜேடியில் எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், ஃபயர்வால், விபிஎன், மின்னஞ்சல், லேப்டாப், பிரிண்டர், "தேவைப்படும் பிற பணிகள்". இது ஒற்றை ஆள் ஐடி. ரிப்போர்ட்டிங் நிதித் துறைத் தலைவருக்கோ அலுவலக மேலாளருக்கோ இருக்கும். அந்த வரியே போதுமான அடையாளம், ஏனென்றால் உங்கள் நேரத்தை யார் ஒதுக்குகிறாரோ அவர் கண்ணுக்குத் தெரிவதுதான் முதல் வேலையாகும். லேப்டாப் திறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். இண்டெக்ஸ் சிதறியிருப்பது தெரியாது.

இப்படிப்பட்ட வேலையைச் சட்டென்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இரண்டாண்டில் நெட்வொர்க், ஸ்டோரேஜ், பாதுகாப்பு, டேட்டாபேஸ் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு பெரிய நிறுவனத்தில் கிடைக்காது. ஆனால் தவறு செய்தால் சுட்டிக்காட்ட ஆளில்லை என்பது பெரிய குறை. ஆறு மாதம் பேக்கப்பை அதே சர்வரின் இன்னொரு டிரைவில் எழுதிக்கொண்டிருந்தாலும் யாரும் சொல்லமாட்டார்கள். அந்த சர்வர் ரான்சம்வேரில் சிக்கினால் பேக்கப்பும் சேர்ந்தே போகும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 முறைக்கு ஒப்புதல் வாங்குவதும், பேக்கப்பை அழிக்கும் உரிமையை உங்கள் அன்றாட அட்மின் கணக்கிலிருந்து பிரித்து வைப்பதும் அங்கே சேர்ந்த முதல் மாத வேலை.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேச வேண்டும். 99.9 சதவீதம் இயங்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம்தான். ஒரே ஆளை வைத்துக்கொண்டு இரண்டாவதை யாராலும் தர முடியாது. அவர் தூங்க வேண்டும், பயணம் செய்ய வேண்டும், காய்ச்சலில் படுக்க வேண்டும். அந்த எண்ணை ஜேடியில் பார்த்தால், மாற்று ஆள் யார் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

க்ளவுடுக்கு மாறிய இடங்களில்

அமேசான் 2009இல் ஆர்டிஎஸ் என்ற க்ளவுட் டேட்டாபேஸ் சேவையைத் தொடங்கிய பிறகு டிபிஏ என்ற பெயர் அப்படியே இருக்க, அதற்குள் இருந்த வேலை நகர்ந்துவிட்டது. இன்ஸ்டால் செய்வது, ஓஎஸ் பேட்ச், ஃபைல் அளவிலான பேக்கப் ஆகியவை போய்விட்டன. ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸில் சர்வருக்குள் லாகின் கிடையாது, எல்லாவற்றையும் செய்யவிடும் உண்மையான சூப்பர்யூசர் உரிமையும் கிடையாது. மிச்சமிருப்பவை: உரிமைகள், இண்டெக்ஸ், க்வெரி, பாராமீட்டர், பெரிய வெர்ஷன் மாற்றம், மாதாந்திர பில். கடைசியாகச் சொன்னது பல இடங்களில் வாய்மொழி உத்தரவாக டிபிஏவிடம் வந்து சேர்கிறது. எந்த ஜேடியிலும் எழுதியிருக்காது.

தானியங்கி பேக்கப் இருக்கிறதே என்று ரீஸ்டோர் பொறுப்பை யாருக்கும் தராத நிறுவனங்கள் உண்டு. ஆர்டிஎஸ் தானியங்கி பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள்தான் வைத்திருக்கும். ரீஸ்டோர் செய்தால் பழைய இன்ஸ்டன்ஸ் (ஓடும் டேட்டாபேஸ் சர்வர்) மீது எழுதாது. புதிய முகவரியோடு புதிய இன்ஸ்டன்ஸ் ஒன்றை உருவாக்கும். அப்ளிகேஷன்கள் எல்லாவற்றையும் அந்த முகவரிக்குத் திருப்ப வேண்டும், அல்லது பெயர்களை மாற்றிக்கொடுக்க வேண்டும். அதை ஒத்திகை பார்க்காத குழு, நெருக்கடியின்போதுதான் முதன்முறையாகக் கற்றுக்கொள்ளும்.

ஆஃபர்களை எடைபோடுவது

ஒரு தாளில் வாரத்தின் 40 மணி நேரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு ஆஃபருக்கும் நேர்காணல் செய்தவரிடம் கேளுங்கள்: இந்த இடத்தில் முன்பு இருந்தவர் போன வாரமோ போன மாதமோ என்ன செய்தார்? கடைசி இருபது டிக்கெட்டுகள் எந்த வகை? ரகசியம் என்று தயங்கினால் வகைகளை மட்டும் சொல்லச் சொல்லலாம்: உரிமை கேட்டது எத்தனை, மெதுவான க்வெரி எத்தனை, பேக்கப் தோல்வி எத்தனை, லேப்டாப் எத்தனை. இருபதில் பன்னிரண்டு பாஸ்வேர்டு மாற்றமாக இருந்தால், பெயர் சீனியர் டிபிஏ என்றிருந்தாலும் வேலை ஹெல்ப்டெஸ்க்தான். ஜேடியைவிட இந்தப் பதிலை நம்புங்கள்.

அடுத்தது உரிமை. முதல் நாளில் என் லாகினுக்கு எந்த ரோல் தருவீர்கள்? எஸ்க்யூஎல் சர்வரில் படிக்க மட்டும் விடும் டிபி_டேட்டாரீடர் என்றால் அனலிஸ்ட் வேலை, முழு உரிமை தரும் சிஸ்அட்மின் என்றால் நிர்வாகம். உரிமை சிறியதாகவும் பொறுப்பு பெரியதாகவும் இருக்கும் வேலைதான் மிகவும் மோசமானது: ப்ரொடக்‌ஷன் நின்றால் விளக்கம் தர வேண்டும், ஆனால் ப்ரொடக்‌ஷனைப் பார்க்கக்கூட வேறொருவரிடம் அனுமதி வாங்க வேண்டும். சம்பளம் எவ்வளவு கூட என்றாலும் இதைத் தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆன்-கால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வாரச் சுழற்சியில் இருவர் என்றால் ஆண்டுக்கு 26 வாரம் உங்கள் முறை, நான்கு பேர் என்றால் 13, ஆறு பேர் என்றால் எட்டு ஒன்பது வாரம். ஆட்களின் எண்ணிக்கையோடு, ஒரு வாரத்தில் சராசரியாக எத்தனை முறை எழுப்பப்படுகிறார்கள் என்பதையும், மறுநாள் விடுப்பு உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு அவர்களில் இருவருக்கு டேட்டாபேஸே தெரியாமல் இருப்பதும் உண்டு. அப்போது அவர்கள் முறையிலும் போன் உங்களுக்குத்தான் வரும்.

தொழிலில் புதிதாக நுழைகிறவருக்கு எங்கள் பரிந்துரை: மூத்தவர் ஒருவரின் கீழ் இளநிலை டிபிஏ வேலை. தனியாக சீனியர் டிபிஏ என்ற பெயரோடு வரும் ஆஃபரைவிட இது மேல். முதல் இரண்டாண்டில் கற்க வேண்டியது ரீஸ்டோர், ரெப்ளிகேஷன், வெர்ஷன் மாற்றம். இவற்றைப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் முதன்முறை செய்வது அகலக்கால் வைப்பது. கோடு எழுதுவதில் விருப்பம் உள்ளவர் டெவலப்மெண்ட் டிபிஏவிலிருந்து டேட்டா இன்ஜினியருக்குப் போவது இயல்பாக அமையும், எதிர்த்திசையில் வருவது கடினம். வீட்டில் சிறு குழந்தையோ கவனிக்க வேண்டிய பெரியவரோ இருந்து இரவில் எழ முடியாதவர், ப்ரொடக்‌ஷன் டிபிஏவைக் கண்ணியமாக மறுத்துவிட்டு டெவலப்மெண்ட் பக்கம் போகலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. ஏழெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்குப் பெயர் ஓரளவு முக்கியம்தான். அடுத்த நிறுவனத்தின் எச்ஆர் தேடுவது பெயரை வைத்துத்தான் என்பதால், வேலை ஒரேமாதிரி இருக்கும் இரண்டு ஆஃபர்களில் சந்தையில் தேடப்படும் பெயர் உள்ளதை எடுப்பது சரி.

பெயரை மாற்ற எச்ஆர் மறுத்தால், பொறுப்புகளை ஆஃபர் லெட்டரின் இணைப்பாகக் கேளுங்கள். அரைப்பக்கம் போதும்: எந்த டேட்டாபேஸ்கள், எத்தனை இன்ஸ்டன்ஸ், ஆன்-கால் சுழற்சியில் எத்தனை பேர், ரீஸ்டோர் சோதனை யார் பொறுப்பு, ஸ்கீமா மாற்றத்துக்கு யார் ஒப்புதல். இணைப்பாகத் தர முடியாது என்றால் வருங்கால மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, "நாம் பேசியபடி இவைதானே" என்று கேட்டு, அவர் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த மூன்றாவது மாதத்தில் வேலை வேறு பக்கம் திரும்பினால் பேச்சைத் தொடங்க அது உதவும்.

ரெஸ்யூமேயில் பழைய பதவிப் பெயரை மாற்றி எழுத வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் ஒப்பிடுவது பெயரையும் தேதியையும்தான், பொருந்தாவிட்டால் ஆஃபரே ரத்தாகலாம். பெயரை உள்ளபடி எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியில் செய்த வேலையை அளவோடு எழுதுங்கள்: "சிஸ்டம் எக்ஸிக்யூட்டிவ். 14 போஸ்ட்கிரெஸ் இன்ஸ்டன்ஸ், மொத்தம் 3 டெராபைட், காலாண்டுக்கொரு ரீஸ்டோர் சோதனை, வெர்ஷன் 12இலிருந்து 16க்கு மாற்றம்" என்ற அளவில். இந்த எண்களை வேலையில் இருக்கும்போதே மாதாமாதம் குறித்துவைப்பது நல்லது, வெளியே வந்தபின் டிக்கெட் சிஸ்டத்தைத் திறந்து பார்க்க உரிமை இருக்காது.